கண்ணும் குடிவழியும்

தாயைப் போலப் பிள்ளை என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறந்த குழந்தையைக் காண வரும் முதியோர், "மூக்குத் தந்தையின் மூக்கு, நெற்றி பாட்டியின் நெற்றி" என்று உறுப்பு உறுப்பாக உரிமை பிரித்துக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் கூறுவது பெரும்பாலும் புறத்தே தோன்றும் உறுப்புகளைப் பற்றியதே. ஆயின், முன்னோரிடமிருந்து நமக்கு வந்து சேர்வன புறத்தோற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் விளங்கும் ஒளிபுகு படலம் எத்துணைத் தடிப்புடையது, கண்ணினுள் ஊறும் நீர் எவ்வளவு விசையோடு அதன் சுவரை அழுத்துகிறது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வாயில் எவ்வளவு அகலமுடையது என்னும் இவையும் பெரும்பகுதி குடிவழியே வருவன. இவற்றை எந்தப் பாட்டியும் கண்ணாற் கண்டு கூறவியலாது. ஆயினும் ஒருவர் முதுமையிற் பார்வையோடு வாழ்வதும், பார்வை இழந்து வாழ்வதும் சில வேளைகளில் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

நாம் இங்கே ஆராயப் புகும் நோய் 'கிளாக்கோமா' எனப்படுவது. நீலமும் பசுமையும் கலந்த ஒரு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது. தமிழில் இதனைக் கண்ணழுத்த நோய் என்கிறோம். கண்ணீர் அழுத்த நோய் என்பாரும் உளர். அப்பெயர் சிறிது மயக்கம் தருவது. ஏனெனில், அழும்போது வழிகின்ற கண்ணீர் வேறு. கண்ணின் உள்ளே ஊறும் நீர் வேறு. இந்த உள்நீர், கருவிழித் திரைக்குப் பின்னால் ஊறிக் கண்மணியின் வழியாக முன்னறைக்கு வந்து, அங்குக் கருவிழித் திரையும் ஒளிபுகு படலமும் கூடும் மூலையில், சல்லடை போன்றதொரு திசுவின் வழியாக வடிந்து குருதியிற் கலக்கிறது. ஒரு நிமிடத்தில் ஊறுவது 2 அல்லது 3 மைக்ரோலிட்டர் அளவே. இருபது நிமிடம் ஊறினாலும் ஒரு பெருந்துளிக்கு மேல் தேறாது. இவ்வளவு சிறிய ஓடையானாலும், வரவும் செலவும் ஒத்திருந்தால்தான் கண் நலமாக இருக்கும். சல்லடை அடைபட்டால் நீர் தேங்கும்; தேங்கினால் அழுத்தம் மிகும். நலமுள்ள கண்ணில் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்.

அழுத்தத்தின் கொடுமையைத் தாங்க வேண்டியது கண்ணின் பின்புறத்துள்ள பார்வை நரம்பு. ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் ஒன்றுகூடி முறுக்கிய கயிறு போன்றது அது. அவ்விழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. முதலில் மறைவது பக்கத்துப் பார்வை. நேர்ப் பார்வை இறுதி வரையில் நிற்கும். இந்நோயின் பெரும்பான்மை வகையில் வலியில்லை, சிவப்பில்லை. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்கிறது. எஞ்சிய குறையை மூளை தானே இட்டு நிரப்பிக் கொள்கிறது. ஆகவே நோயாளி, வாயிற்படியில் இடறியும் பக்கத்தில் வந்த வண்டியைக் காணாமலும் தடுமாறும்போதுதான் ஐயுறுகிறார். மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. கண்புரை வந்து பார்வை இழந்தவர்க்கு அறுவை செய்து பார்வை தரலாம். கண்ணழுத்த நோயால் இழந்ததை மீட்டுத் தர இன்றுவரை வழியில்லை. மருந்தும் அறுவையும் எஞ்சியதைக் காக்குமேயன்றி, போனதைத் திருப்பித் தாரா. உலகில் 2020ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சம் பேர் இந்நோயுடையோராய் இருப்பர் என்று 2014ஆம் ஆண்டில் அறிஞர்கள் கணக்கிட்டனர்.

இந்நோய் சில குடும்பங்களில் மிகுதியாகத் தோன்றுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும் எவ்வளவு மிகுதி என்பதை எண்ணிக் காட்டியவர்கள், ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் நோயாளிகளின் உடன்பிறந்தாரையும் மக்களையும் தாமே அழைத்துச் சோதித்தனர். நோயற்றவர்களின் உறவினரையும் அவ்வாறே சோதித்தனர். 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: நோயாளியின் நெருங்கிய உறவினர்க்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22, நோயற்றவரின் உறவினர்க்கு நூற்றுக்கு 2.3. ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு!

இவ்வேறுபாட்டைக் கண்டதும், 'நோய் மரபினால் வந்தது' என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஒரு குடும்பத்தார் ஒரே அடுப்பில் சமைத்ததை உண்கின்றனர். ஒரே கிணற்று நீரைப் பருகுகின்றனர். தாய்மொழியும் சமையற் பக்குவமும் குடிவழியே வருவனதாம்; அவற்றை யாரும் குருதியில் வந்தன என்று கூறமாட்டார். ஆகவே மரபின் பங்கையும் வாழ்க்கைச் சூழலின் பங்கையும் பிரித்தறிய ஒரு வழி தேவை. அவ்வழியை இயற்கையே வகுத்துத் தந்திருக்கிறது. அதுவே இரட்டைப் பிள்ளைகள்.

இரட்டையர் இரு வகையினர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தோர் ஒரு வகை. இவர்களுடைய மரபணுக்கள் முற்றும் ஒத்தன. இரு கருக்களாகவே தோன்றி ஒருங்கே பிறந்தோர் மற்றொரு வகை. இவர்கள் மற்ற உடன்பிறந்தாரைப் போலவே மரபணுக்களில் சரிபாதி அளவு ஒத்தவர்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே உணவுண்டு வளர்ந்தவர்கள். எனவே ஒரு பண்பில் முதல் வகையினர் ஒருவரையொருவர் மிகவும் ஒத்தும், இரண்டாம் வகையினர் அவ்வளவு ஒவ்வாமலும் இருப்பாராயின், அவ்வேறுபாட்டிற்கு மரபையே காரணமாகக் கூறலாம். முதல் வகையினரின் ஒப்புமை நூற்றுக்கு 60, இரண்டாம் வகையினரின் ஒப்புமை நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 20. பாதி மரபின் வேறுபாட்டால் வந்தது 20 ஆயின், முழு மரபின் பங்கு 40 ஆகும். இவ்வாறு கணக்கிட்டுக் காண்பதை 'மரபுவழிப் பங்கு' என்று நாம் இங்கே வழங்குவோம்.

இம்முறையில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பல்லாயிரவர் இரட்டையரின் கண்களை அளந்தனர். நோயை மட்டும் நோக்காமல், நோய்க்கு வழிகோலும் பண்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டதே அவர்கள் செய்த நுட்பம். நோய் முதுமையில் வருவது. அதற்குள் இரட்டையருள் ஒருவர் இறந்துபோகவும் கூடும். கண்ணின் பண்புகளையோ இளமையிலேயே அளந்துவிடலாம். கண்ணழுத்தத்தின் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ பாதி அல்லது அதனிற் சிறிது குறைவு என்று தெரிந்தது. பார்வை நரம்பு வெளியேறும் வட்டின் நடுவிலுள்ள குழியின் அளவுக்கு அது பாதியைச் சற்றே கடந்தது. ஒளிபுகு படலத்தின் தடிப்புக்கோ நூற்றுக்கு எண்பதையும் கடந்து நின்றது. மாந்தருடைய உடற்பண்புகளுள் இத்துணை வலிமையாக மரபைப் பின்பற்றுவன மிகச் சிலவே.

அரை மில்லிமீட்டரினும் சற்றே மிகுந்த அப்படலத்தின் தடிப்புக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? கண்ணழுத்தத்தை அளக்க மருத்துவர்கள் பெரிதும் கையாளும் கருவி, சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரத்து ஹான்ஸ் கோல்டுமன் 1950களில் அமைத்தது. அஃது ஒளிபுகு படலத்தை மெல்ல அழுத்தித் தட்டையாக்கி, அதற்கு வேண்டிய விசையைக் கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. மெல்லிய படலம் எளிதில் வளையும். ஆகவே மெல்லிய படலமுடையாரின் அழுத்தம் உண்மையினும் குறைவாகத் தோன்றும். இது ஒரு தீமை. கதை இதனோடு முடியவில்லை. அமெரிக்க நாட்டில் கண்ணழுத்தம் மிக்கிருந்தும் நோய் தோன்றாத 1,636 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மெல்லிய படலமுடையார்க்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது தெளிவாயிற்று. அன்று முதல் படலத்தின் தடிப்பை அளப்பது கண் மருத்துவர்களின் வழக்கமாயிற்று.

மரபுவழிப் பங்கு என்னும் சொல்லைப் பலர் தவறாகப் பொருள் கொள்வதுண்டு. நூற்றுக்கு எண்பது என்றால், ஒருவருடைய படலத்தில் எண்பது பங்கைப் பெற்றோர் தந்தனர், இருபது பங்கைத் தாமே தேடிக்கொண்டார் என்பது பொருளன்று. ஒரு நெல்வயலை நினைத்துப் பாருங்கள். பல வகை விதை கலந்து விதைத்த வயலில், மண்ணும் நீரும் எங்கும் ஒரே சீராக இருந்தால், பயிர்களின் உயர வேறுபாடு முழுவதும் விதையின் வேறுபாட்டால் ஆனதே. ஒரே விதையை மேடும் பள்ளமுமான நிலத்தில் விதைத்தால், உயர வேறுபாடு முழுவதும் நிலத்தால் ஆனதே. விதை மாறவில்லை, வயல் மாறியது, பங்கும் மாறிவிட்டது. ஆகவே மரபுவழிப் பங்கு என்பது ஒரு மக்கட் கூட்டத்தாருள் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கேயன்றி, ஒரு தனி மனிதனின் விதியைப் பற்றிய சோதிடம் அன்று. மேலும், மரபின் பங்கு மிகுதி என்பதனால் மருத்துவத்திற்கு இடமில்லை என்று ஆகிவிடாது. முன்னோர் தந்த அழுத்தத்தையும் நாள்தோறும் இடும் மருந்துத்துளி குறைத்துவிடுகிறது.

இரட்டையரின் சான்று சில கொள்கைகளை வீழ்த்தியதும் உண்டு. ஸ்டீராய்டு என்னும் வகை மருந்துகளைக் கண்ணில் வாரக்கணக்கில் இட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறுகிறது, சிலருக்கு மிகவும் ஏறுகிறது, பலருக்கு ஏறுவதில்லை. 1960களில் பெர்னார்டு பெக்கர், மன்சூர் ஆர்மாலி என்னும் இரு அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, மக்கள் மூன்று வகையாகப் பிரிவதைக் கண்டு, மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் போல ஒரே மரபணு இதனை ஆள்கிறது என்று கருதினர். அழகிய கொள்கை; கேட்டவர் மனத்தைக் கவர்ந்த கொள்கை. அஃது உண்மையாயின், ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் இருவரும் தவறாமல் ஒரே வகையைச் சார்ந்திருத்தல் வேண்டும் அன்றோ? 1973ஆம் ஆண்டில் இரட்டையர்க்கு அம்மருந்தை இட்டுச் சோதித்தபோது அவர்கள் அவ்வாறு ஒத்திருக்கவில்லை. கொள்கை நிலைகுலைந்தது. ஆனால் அம்மருந்தால் அழுத்தம் ஏறுவது மறுக்கமுடியாத உண்மை. கண் சிவந்ததென்று மருத்துவரைக் கேளாமல் கடையில் ஸ்டீராய்டுத் துளியை வாங்கி மாதக்கணக்கில் இட்டுக்கொள்வோர் இன்றும் இருப்பதால் இதனைக் கூறவேண்டியதாயிற்று.

ஒரே மரபணுவால் வரும் கண்ணழுத்த நோய் இல்லையோ எனின், உண்டு; அதுவும் இதே ஸ்டீராய்டு ஆராய்ச்சியோடு எதிர்பாராத வகையில் வந்து கூடியது. இளமையிலேயே, சிலருக்குப் பத்துப் பதினைந்து வயதிலேயே, கடுமையான அழுத்தத்தோடு தோன்றும் ஒரு வகை உளது. அது தந்தை அல்லது தாயிடமிருந்து மக்களுட் பாதிப்பேர் அளவினர்க்கு இறங்கி வருவது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வால் ஷெஃபீல்டு, எட்வின் ஸ்டோன் முதலியோர் அத்தகைய பெருங்குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, குற்றமுள்ள மரபணு முதலாம் குரோமோசோமின் நீண்ட கிளையில் இருப்பதை 1993ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தெருவைக் கண்டனர், வீட்டைக் காணவில்லை. இதற்கிடையே, சான்பிரான்சிஸ்கோவில் ஜான் பொலான்ஸ்கி என்பவர், வடிசல்லடையின் உயிரணுக்களுக்கு ஸ்டீராய்டை ஊட்டினால் அவை ஒரு புரதத்தை மிகுதியாக ஆக்குவதைக் கண்டு, அப்புரதத்தின் மரபணுவைப் பிரித்து வைத்திருந்தார். அம்மரபணு இருந்த இடம் அதே தெரு! இரு சாராரும் கூடி ஆராய, அதுவே குற்றவாளி என்பது 1997ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. பின்னர் மயோசிலின் என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. வியப்பு யாதெனின், ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தத்திற்கு மயோசிலினின் பிழைகள் பெரிய காரணமாகத் தோன்றவில்லை. தவறான வழி ஒன்று சரியான ஊருக்குக் கொண்டு சேர்த்தது.

மயோசிலின் இல்லாமற் போவதால் இந்நோய் வருவதில்லை. பிழைபட்ட மயோசிலின் சரியாக மடியாமல், உயிரணுவை விட்டு வெளியேற மாட்டாமல் உள்ளேயே குவிந்து, வடிசல்லடையின் உயிரணுக்களை நலிவிக்கிறது. அதனால் நீர் வடிவது குறைகிறது. கெட்ட வேலையாள் இருப்பதைவிட வேலையாள் இல்லாமலிருப்பதே மேல் என்பது போன்ற நிலை இது. முதுமையில் வரும் பொதுவகை நோயாளிகளிலும் நூற்றுவருள் மூவர் அல்லது நால்வரிடம் இம்மரபணுவின் பிழை காணப்படுகிறது.

ஒரே மரபணுவால் வரும் மற்றொரு வகை, பிறவியிலேயே தோன்றுவது. குழந்தையின் கண்ணுறை மென்மையானதாகையால், அழுத்தத்தால் கண்ணே பெரிதாகிவிடும். பெரிய கண்கள் என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கும் வேளையில் பார்வை கெட்டுக்கொண்டிருக்கும். ஒளியைக் கண்டு கண் கூசுவதும், ஓயாமல் நீர் வடிவதும், படலம் மங்குவதும் இதன் அறிகுறிகள். உடனே அறுவை செய்தல் வேண்டும். சிஒய்பி1பி1 என்று குறிக்கப்படும் மரபணுவின் பிழையே இதற்கு முக்கிய காரணம் என்பது 1997ஆம் ஆண்டில் தெரிந்தது. இங்கே தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள படி வந்தால்தான் நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பர். பிழையைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர் தம்முள் மணந்துகொள்ளும்போது, ஒரே முன்னோரின் பிழை இருபுறத்தாலும் வந்து கூடுதல் எளிது. மேலை நாடுகளில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்றாகக் காணும் இந்நோய், தமக்குள்ளேயே மணஞ்செய்துகொள்ளும் சுலோவாக்கிய நாட்டு ரோமா மக்களிடம் 1,250க்கு ஒன்றாக இருந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 1998ஆம் ஆண்டில் வெளியான கணக்கு 3,300க்கு ஒன்று என்றது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுடைய தமிழகத்தார் இதனை எண்ணிப்பார்த்தல் தகும்.

மேற்கூறிய இரு வகையும் அரியவை. பெரும்பாலோர்க்கு வரும் நோய் ஒரு மரபணுவின் செயலன்று. மிகச் சிறிய விளைவுடைய பல நூறு மரபணு வேறுபாடுகள், துளித்துளியாகச் சேர்ந்து, ஒருவரின் கண்ணழுத்தத்தைச் சற்றே ஏற்றியும் இறக்கியும், நரம்பின் குழியைச் சற்றே பெருக்கியும் சுருக்கியும் வைக்கின்றன. இவற்றைக் காணப் பெருந்திரளான மக்களின் மரபெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 2006 முதல் 2010 வரையில் ஐந்து இலட்சம் பேர் ஆராய்ச்சிக்கெனத் தாமே முன்வந்து குருதியும் உடலளவுகளும் கொடுத்தனர். அவர்களுட் பலரோடு பிறரையும் சேர்த்து ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து, கண்ணழுத்தத்தோடு தொடர்புடைய 112 இடங்களை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2021ஆம் ஆண்டில் ஐரோப்பிய, ஆசிய, ஆப்பிரிக்க மரபினரான 34,000க்கு மேற்பட்ட நோயாளிகளை நோயற்றவரோடு ஒப்பிட்டு 127 இடங்களைக் குறித்தனர். அவற்றுட் சில அழுத்தத்தைத் தொடுவன. சில அழுத்தத்தைத் தொடாமல் நரம்பின் வலிமையைத் தொடுவன. ஜப்பானின் தஜிமி நகரில், இவ்வகை நோயுடையாருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அழுத்தம் 21க்கு மிகாமலே இருந்தது ஏன் என்னும் புதிருக்கு இவ்விரண்டாம் பகுதியிலிருந்தே ஒளி கிடைக்கும் போலும்.

மரபெழுத்துகளைப் படிப்பதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ஐஸ்லாந்துச் செய்தி ஒன்று போதும். விழியாடியின் மேலும் வடிசல்லடையிலும் வெண்ணிறச் செதில்கள் படிந்து அழுத்தம் ஏறும் ஒரு வகை நோய் உண்டு. 1917ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஜான் லிண்ட்பெர்க் அதனை முதன்முதல் விளக்கினார். இதற்குக் காரணமான எழுத்துகள் லாக்ஸ்எல்1 என்னும் மரபணுவில் இருப்பதாக ஐஸ்லாந்து அறிஞர்கள் 2007ஆம் ஆண்டில் கண்டனர். நோயாளிகளுட் பெரும்பாலோரிடம் அவ்வெழுத்துகள் இருந்தன. ஆனால் நோயற்ற மக்களிலும் மிகப் பலரிடம் அவை இருந்தன! அதனினும் விந்தை, ஜப்பானியரை ஆராய்ந்தபோது அவ்வெழுத்துகளுள் ஒன்று நேர்மாறாக நடந்தது. ஐஸ்லாந்தில் நோயாளிகளிடம் மிக்கிருந்த எழுத்து அங்கே நோயற்றவரிடம் மிக்கிருந்தது. ஆகவே அவ்வெழுத்து குற்றவாளியன்று, குற்றவாளியின் அண்டைவீட்டுக்காரன் மட்டுமே என்று எண்ண இடமுண்டாயிற்று. ஒரு நாட்டாரிடம் கற்ற கணக்கை மற்றொரு நாட்டார்மேல் அப்படியே ஏற்றிப் பார்ப்பது தவறாகலாம். இன்று ஒருவரின் மரபெழுத்துகளையெல்லாம் கூட்டி, நோய் வரும் வாய்ப்புக்கு ஒரு மதிப்பெண் இடும் முறை எழுந்துள்ளது. அதற்கு அடிப்படையானவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினர். நம் மக்களுக்கு அது பயன்பட வேண்டுமாயின் நம் மக்களையே ஆராய்ந்து திருத்தல் வேண்டும்.

தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி, அறிவியலினும் வாழ்க்கையை மிகுதியாகத் தொடுவது. நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் பொதுவகை நோயுடையாரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதை அந்நாள்வரையில் அறியாதவர்கள். மரபணுச் சோதனை எதுவும் இல்லாமலே, வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டவுடன் அவருடைய உடன்பிறந்தாரையும் வளர்ந்த மக்களையும் அழைத்துக் கண்ணைச் சோதித்திருந்தால், இவர்களுட் சிலரையேனும் முன்னரே கண்டிருக்கலாம். அதற்கு வேண்டுவன நரம்பின் குழியைக் காணும் ஒரு விளக்கு, அழுத்தம் அளக்கும் ஒரு கருவி, அரைமணி நேரம்.

இவ்வேலையைத் தொடர்ந்து செய்து காட்டிய நாடு, ஆஸ்திரேலியாவின் தெற்கிலுள்ள டாஸ்மேனியாத் தீவு. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். அவர்களுட் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்து குடியேறிய ஐரோப்பியரின் வழித்தோன்றல்கள். குடும்பங்கள் பெரியன, வெளியிலிருந்து வந்து சேர்ந்தோர் குறைவு, பிறப்பும் திருமணமும் இறப்பும் ஏடுகளிற் பதியப்பட்டிருந்தன. 1994ஆம் ஆண்டளவில் டேவிட் மெக்கி என்னும் கண் மருத்துவரும் அவருடைய துணைவரும் தீவிலுள்ள நோயாளிகளைத் தேடி, அவர்தம் உறவினரையும் தேடிச் சோதிக்கலாயினர். நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேரின் குடும்பங்களில் மேலும் நோயாளிகள் இருப்பது தெரிந்தது. முதலில் கேட்டபோது, "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று பலர் கூறியிருந்தனர். உண்மையில் நோயுற்ற உறவினரை உடையவர்களுள் நான்கில் ஒருவருக்கு மேல் அதனை அறியாதிருந்தனர். பாட்டிக்குப் பார்வை மங்கியது முதுமையால் என்றே குடும்பத்தார் எண்ணிவந்தனர். பாட்டியும் அவ்வாறே எண்ணினாள்.

சில குடும்பங்களில் மயோசிலினின் பிழை ஒன்று பல தலைமுறையாக இறங்கி வந்திருந்தது. அதே பிழையை உடைய வேறு நாட்டாரும் ஒரு பழைய முன்னோரின் வழியினராதல் வேண்டும் என்று மரபெழுத்துகள் காட்டின. ஆயினும் பிழையைப் பெற்ற எல்லாரும் நோயுறவில்லை. நோயாளிகளின் குடும்பங்களில் அப்பிழை கொடியதாகத் தோன்றியது; பொதுமக்கள் திரளில் தேடியபோது, அப்பிழையைச் சுமந்தும் நலமாக முதுமையடைந்தோர் எதிர்பார்த்ததினும் மிகுதியாக இருந்தனர். மற்ற நூற்றுக்கணக்கான சிறு மரபணுக்கள் ஒருவர்க்குத் துணை நிற்கின்றனவா, பகையாகின்றனவா என்பதையும் பொறுத்தே அப்பெரும்பிழையின் வலிமை அமைகிறது.

இப்பொழுது அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, வயது வந்து அவர்கள் விரும்பினால், ஒரு குருதிச் சோதனை செய்யப்படுகிறது. பிழையுடையவர் ஆண்டுதோறும் மருத்துவரிடம் சென்று அழுத்தத்தையும் நரம்பையும் காட்டுகின்றனர். ஏறத் தொடங்கிய நாளே மருந்தும் தொடங்குகிறது. உடன்பிறந்தாருள் பிழையில்லாதவர்க்கு அந்த ஆண்டுச் சோதனை வேண்டுவதில்லை. மற்ற மக்களைப் போல நடுவயதிற்குமேல் கண்ணைக் காட்டினாற் போதும் என்று சொல்லி அனுப்புகின்றனர்.